தவராஜ் எழுதிய கானும் நான் போட்ட தலைப்பும்

"அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதான்" என்று தவராஜின் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, பதுளை அலுவலகத்தில் யாருடைய செய்தியையோ திருத்திக்கொண்டிருந்தேன். திருத்துவதுதான் என் தொழில். இந்த அஞ்சலியும் அதைப் பற்றியதுதான்.

லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்துகொண்டு எங்கள் பத்திரிகைக்கு எழுதியவர் தவராஜ். மழை வந்தால் நான் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குத் தொலைபேசியில் பேசி, அவர்கள் சொன்னதை எழுதுவேன். அவர் மலையேறிப் பார்த்துவிட்டு எழுதுவார். "மழையக் குத்தம் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, அதான் எல்லாரும் சொல்றாங்க" என்பார்.

லயத்துக்கு மேலே மழைநீர் ஓடும் கான்கள் மண் மூடிக் கிடக்கின்றன, அடுத்த மழைக்கு வீடுகளுக்குள் சேறு வரும் என்று ஒருமுறை எழுதி அனுப்பினார். எத்தனையாம் நம்பர் மலை, கடைசியாக எப்போது மண்வெட்டி பட்டது என்பதெல்லாம் அதில் இருந்தது. எனக்கோ 'கான்' என்ற சொல்லே சாக்கடையாக நாறியது. அத்தனையையும் வெட்டிவிட்டு, 'காலநிலை மாற்றத்தின் கோரப்பிடியில் லய மக்கள்' என்று தலைப்பிட்டேன். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குக் கூடியவர்களிடம் தோட்ட நிர்வாகியான துரை அந்தப் பத்திரிகையையே தூக்கிக் காட்டினாராம். "ஒங்க ஆளே எழுதியிருக்காரு. காலநிலைக்கு நான் என்ன செய்ய?" கான் வெட்ட ஆள் போடவில்லை. அடுத்த மழையில் நான்கு வீடுகளுக்குள் சேறு புகுந்தது. தவராஜ் துரையிடம் விலைபோய்விட்டார் என்று லயத்தில் பேசினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவர் பதுளைக்கு வந்தார். "ஒரு திருத்தம் போடுங்க. நான் அந்த லயத்துலதாங்க இருக்கணும்" என்றார். இடமிருந்தால் போடுகிறேன் என்றேன். இடம் இருந்தது. என் பிழை அச்சில் வருவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதன்பிறகு சொந்த லயத்திலேயே அவரிடம் செய்தி சொல்ல ஆளில்லை.

சாவு வீட்டில் என் பக்கத்தில் நின்ற பெண், சேறு புகுந்த வீட்டுக்காரி, "நல்ல மனுசந்தாங்க. அந்த ஒரு விசயத்துலதான் சறுக்கிட்டாரு" என்றார். தவராஜை அங்கே கிடத்தியிருக்க, "ஆமாங்க" என்றேன்.

அவரை அறிந்தவர்களே, சறுக்கியவன் நான். அவர் அனுப்பிய முதல் பிரதி என்னிடம் இருக்கிறது. ஒரு சொல்லும் மாற்றாமல் இதன் கீழே அச்சிடக் கொடுத்திருக்கிறேன். அவருடைய மன்னிப்பும் என்னிடம் இருக்கிறது என்று எழுத ஆசைதான். நான் கேட்கவே இல்லை.