பெரில் வைத்த இலக்கு

இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் இருந்த அந்த ராணுவ உளவுப் பயிற்சிப் பள்ளிக்கு ஆண்டுதோறும் இலக்கு எழுதுவது பெரில் டெபட்டின் வேலை. நூற்றுக்கு இத்தனை பேர் தேற வேண்டும் என்று அவள் எழுதுவாள். பள்ளித் தலைவர் கர்னல் ஃபேன்ஷா கையெழுத்திடுவார். அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவிப்பார். அறிவித்துவிட்டால் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. இலக்கை எட்டினால் கர்னலுக்கு மேல் பதவி.

அவள் கணவன் லென் அங்கேதான் ரஷ்ய மொழி ஆசிரியராக இருந்தான். ஒட்டுக்கேட்ட ரஷ்யப் பேச்சில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழித்த மூன்று மாணவர்களுக்கு அவன் தேர்ச்சி தர மறுத்தான். அந்த மூவரால் தொண்ணூற்றைந்து என்ற இலக்கு கைநழுவும் என்று கர்னலுக்குப் பயம். மூவரும் தேறியதாக அவரே எழுதிவிட்டு, கற்பிக்கத் தெரியாதவன் என்று பட்டம் கட்டி லென்னை வீட்டுக்கு அனுப்பினார்.

"நான் என்னம்மா பண்றது? நம்பர்தான் பேசுது," என்று டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே பெரிலிடம் சொன்னார்.

அதன்பின் லென் தோட்டத்துத் தக்காளிச் செடிகளோடு சரி, மனிதர்களிடம் பேச்சில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் கர்னலைச் சும்மா விடுவதில்லை என்று பெரில் கறுவிக்கொண்டாள்.

கர்னல் எண்ணை மட்டுமே பார்ப்பார் என்பது அவளுக்கு அத்துபடி. அடுத்த ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு எண்பது என்று எழுதினாள். ஆனால் கூடவே ஒரு விதியும் சேர்த்தாள்: சென்ற ஆண்டு முடித்தவர்கள் உட்பட, மாணவர்கள் தேறினார்களா என்பதை இனி பள்ளி சொல்லாது. அவர்கள் வேலைக்குப் போன படைப்பிரிவு சொல்ல வேண்டும். அங்கேயும் அதிகாரிகளைக் கேட்கக் கூடாது. ஒரே மேசையில் ஷெர்ரி மது குடிக்கும் அதிகாரிகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கீழே உள்ள சார்ஜெண்டுகளைத்தான் கேட்க வேண்டும்; அவர்களுக்கோ வாயில் பூட்டு கிடையாது.

"வெறும் எண்பதா! நீ தங்கம், பெரில்!" என்றார் கர்னல்.

"முழுசா ஒரு தடவ படிச்சிடுங்க, கர்னல்."

"எதுக்கு? நீ எழுதினதுதானே," என்று கையெழுத்தைக் கிறுக்கினார்.

ஆண்டு முடிவில் சார்ஜெண்டுகளின் பதில்கள் வந்தன. "ஹெட்போன இவன் தலையில மாட்டுறதும் ஒண்ணுதான், முட்டைக்கோசுல மாட்டுறதும் ஒண்ணுதான்," என்றார் ஒருவர். லென் மறுத்த மூவரில் ஒருவனைத்தான் அவர் சொன்னார். மற்ற இருவருக்கும் அதே மரியாதை. மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேர்தான் தேறியிருந்தார்கள். அமைச்சர் அதை நாடாளுமன்றத்தில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. கர்னலின் பதவி பறிபோனது.

"வேணும்னே பண்ணினியா?" என்று முகம் சிவக்க வந்து நின்றார்.

பெரில் பிஸ்கட் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். "நான் என்ன பண்றது, கர்னல்? நம்பர்தான் பேசுது." சொல்லும்போதே அவள் நெஞ்சு குளிர்ந்தது.

புதிய தலைவர் லென்னைத் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். பெரில் தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நின்று அதை லென்னிடம் சொன்னாள்.

லென் கை மண்ணைத் தட்டினான். "வர்றேன்னு சொல்லு. அந்த மூணு பேரையும் என் கிளாஸுக்கே திருப்பி அனுப்பச் சொல்லு."