டெலியா வீட்டில் காயாத ஜெர்சிகள்

என் அம்மாவும் டெலியாவின் அப்பாவும் அக்காள் தங்கை பிள்ளைகள். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. உரிமை இல்லாவிட்டாலும் பேசியிருப்பேன், அது வேறு விஷயம்.

டெலியா பிறந்தது கேனன் வீட்டில். வாழ்க்கைப்பட்டது பக்கத்து வயலில் இருந்த மேனியன் வீட்டில். கல்யாணத்துக்காக அவள் ஊர் மாறவில்லை, வேலி மட்டும் தாண்டினாள். புருஷன் லூக், மட்டையால் பந்தடிக்கிற ஹர்லிங் ஆட்டத்தில் எங்கள் ட்ரம்கீல் ஊர் அணிக்குக் கோல் காத்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எல்லாருடைய அழுக்கு ஜெர்சியையும் மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் போடுவான். ஒரு வருஷத்துக்கு மட்டும் துவைத்துக் கொடு என்றுதான் முதலில் கேட்டார்கள். லூக்கை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறும் மூட்டை வாசலில் கிடந்தது. யார் போட்டது என்று அவளும் கேட்கவில்லை, போட்டவனும் சொல்லவில்லை. மொத்தம் முப்பத்தொரு வருஷம் துவைத்தாள்.

இருபத்து நாலு ஜெர்சி, நீலமும் வெள்ளையும். ஆட்டம் பார்க்க அவள் போவதே கிடையாது. மூட்டையைப் பிரித்தால் போதும்.

"ஒன்பதாம் நம்பருக்கு நேத்து உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்பாள்.

"ஏன், நல்லாத்தானே இருந்தான்?"

"மடிப்புக்கூடக் கலையல. நான் தேச்சுக் குடுத்த மாதிரியே திரும்பி வந்திருக்கு."

அவள் தம்பி பார்ட்லி கேனன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முற்றத்துக்கு எதிர் வீடு. மத்தியானச் சாப்பாடு தினமும் அக்காள் வீட்டில். அவள் ஒரே மகன் ஃபின்டனும் மாமனும் சேர்ந்துதான் நாற்பது மாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஃபின்டன் அணிக்குக் கேப்டன். பார்ட்லி அணிக்கு மேனேஜர், ஆறு வருஷமாக.

பார்ட்லிக்கு ஒரு குணம். மாடு வாங்கும்போது அதன் தாய் எது, தகப்பன் எது என்று மூன்று தலைமுறை விசாரிப்பான். ஆட்டக்காரனையும் அப்படித்தான் பொறுக்குவான். லோகன் வீட்டுப் பையன் ஒருவன் முயல் மாதிரி ஓடுவான். பார்ட்லி அவனைக் கோலில் நிறுத்தினான்.

"இவன் தாத்தா கோல் காத்தவரு. அந்தக் கண்ணு ரத்தத்துல வரும்."

"எனக்குக் கிட்டப்பார்வை அண்ணே," என்றான் பையன்.

"அது உங்கம்மா வழி. சரியாப் போயிடும்."

ஆறரை அடி உயரத்தில் இன்னொருவன். அவன் தாய்வழி ஆட்கள் எல்லாரும் மூலையில் நின்று ஆடிய குள்ளர்கள் என்பதற்காக அவனையும் மூலைக்கு அனுப்பினான். அந்த இலையுதிர் காலத்தில் காலிறுதி ஆட்டத்தில் ட்ரம்கீல் இருபத்து மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. கிட்டப்பார்வைக்காரன் மட்டும் ஐந்து கோல் விட்டான். வீட்டுக்கு வரும் வழியில் பார்ட்லி சொன்னது, "தாத்தாவும் மழையில தடுமாறுவாரு."

ஜனவரியில் இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் கையெழுத்துப் போட்டுக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்தார்கள். பார்ட்லி போக வேண்டும், வெளியூர் ஆள் மேனேஜராக வர வேண்டும், அதுவரை பயிற்சிக்கும் வர மாட்டோம், ஆடவும் மாட்டோம். முதல் கையெழுத்து ஃபின்டனுடையது. சம்பளமே இல்லாதவன் வேலைநிறுத்தம் செய்தால் யாருக்கு நஷ்டம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் கேட்டார். சம்பளமில்லாமல் ஆறு வருஷம் மழையில் ஓடியவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

கமிட்டியில் ஒன்பது பேர். ஐந்து பேர் பார்ட்லிக்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். ஒருவருடைய மகனுக்குப் பார்ட்லி ஞானத்தகப்பன். ஒருவர் அவனிடம் காளை வாங்கியவர். மீதி இரண்டு பேருக்குக் காது சரியாகக் கேட்காது, ஆனால் பக்கத்தில் இருப்பவர் கை தூக்கினால் தூக்குவார்கள். மேனேஜரை ஆட்டக்காரன் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்த ஊரில் இல்லை என்று ஒன்பது கையும் மேலே போயின.

அன்றிலிருந்து டெலியா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாமனும் மருமகனும் நேராகப் பேசுவதில்லை. நான் ஒரு நாள் அங்கே சாப்பிட உட்கார்ந்தேன். பன்றிக்கறி, முட்டைக்கோஸ், அவித்த உருளைக்கிழங்கு.

"அம்மா, அந்தக் கிழங்குச் சட்டிய இப்படித் தள்ளச் சொல்லு," என்றான் ஃபின்டன்.

"அக்கா, கையெழுத்துப் போட நீண்ட கை கிழங்கு எடுக்கவும் நீளும்னு சொல்லு," என்றான் பார்ட்லி.

"இருபத்திரண்டு பேரு போட்டாங்கன்னு சொல்லும்மா."

"அதுல பதிமூணு பேரோட அப்பனுக்கு மட்டை பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்னு சொல்லுக்கா."

"அதான் எல்லாரும் தோத்துட்டு வந்தாங்கன்னு சொல்லும்மா."

டெலியா சட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க ப்ரைடியக்கா. இவங்களுக்குத் தபால் எடுத்துப் போட்டே என் கை வலிக்குது."

மாடு கறப்பது மட்டும் காலையும் மாலையும் இருவரும் சேர்ந்துதான். மாடுகள் எந்தப் பக்கமும் கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் ஃபின்டன் ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினான். டப்ளினில் ஒரு கிளப்புக்கு மாறுகிற தாள். எங்கள் ஆட்டத்தில் எந்த ஊருக்கு ஆடுகிறாயோ அந்த ஊரில் குடியிருக்க வேண்டும். அங்கே ஒரு நண்பன் வேலையும் அறையும் பார்த்து வைத்திருக்கிறான். மார்ச் கடைசிக்குள் தாளைக் கொடுத்தாக வேண்டும். டெலியா அதை நின்றபடியே வாசித்து, திருப்பிக் கொடுத்து, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைக்காகப் போனாலோ ஒரு பொண்ணுக்காகப் போனாலோ நானே பெட்டி கட்டிக் குடுப்பேன் அக்கா. இவன் கோவிச்சுக்கிட்டுப் போறான். இப்படிப் போறவன் கிறிஸ்மஸுக்குக்கூட வரமாட்டான்."

அந்த வெள்ளிக்கிழமை கமிட்டித் தலைவர் மலாக்கி அவள் வீட்டுக்கு வந்தார். வேலைநிறுத்தக்காரர்கள் வராவிட்டால் என்ன, கிடைத்தவர்களை வைத்து ஆடிவிடுவோம் என்பது அவர் யோசனை. கிடைத்தவர்கள் யார் என்றால், முழங்கால் மடங்காத கடைக்காரர், தபால்காரர், கோவில் மணி அடிப்பவர், அறுபத்தொரு வயதில் பார்ட்லி, இப்படிப் பதினைந்து பேர்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் டெலியா. ஜெர்சி எடுக்க வந்தேன்."

"காயல தலைவரே."

"துவைச்சு மூணு மாசம் ஆச்சேம்மா."

"பூஞ்சை புடிச்சிருந்துச்சு, மறுபடி துவைச்சேன். பிப்ரவரி மாசம், வெயிலுக்கு எங்க போக? தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் இறங்கியது. ட்ரம்கீலில் பிப்ரவரியில் துணி காயவில்லை என்றால் யாரும் சந்தேகப்பட முடியாது. பக்கத்து ஊரான கில்வாரனில் ஜெர்சி கடன் கேட்கலாமே என்று கமிட்டியில் ஒருவர் சொல்லிவிட்டார். தலைமுறைப் பகையான ஊர் அது; மற்ற எட்டுப் பேரும் நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வெளியே போய்விட்டாராம். ஆட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அடுத்த வாரமும் காயவில்லை, மறுபடி தள்ளிப்போனது. மூன்றாம் முறையும் வராவிட்டால் உங்களைக் கீழ்ப்பிரிவில் போடுவோம் என்று மாவட்டத்திலிருந்து எழுதிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் பையன்களும் கேட்டார்கள். பூசை முடிந்து ஜெர்சியோடு ஊர்வலம் போவதாக அவர்கள் திட்டம்.

"காயலப்பா," என்றாள் டெலியா.

"மலாக்கிக்கும் இதையேதானேம்மா சொன்ன?" என்றான் ஃபின்டன்.

"அவருக்குச் சொன்னப்ப இதவிட ஈரமா இருந்துச்சு."

மார்ச் முதல் வாரம் ஒரு நாள் நல்ல கிழக்குக் காற்று. முட்டை வாங்கப் போன நான் அவள் வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கொடியில் இருபத்து நாலு ஜெர்சியும் மொறுமொறுவென்று காய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. டெலியா ஒவ்வொன்றாக எடுத்து மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் முக்கி, மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வந்ததுதான் வந்தீங்க, அந்த ஓரத்தப் புடிங்க."

பிடித்தேன்.

"எத்தனை நாளைக்குடி இப்படி?"

"இந்தக் கெழட்டு அணி ஆடிட்டா ஃபின்டன் தாளக் குடுத்துட்டுப் போயிடுவான். அதான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். பசங்க யாரை மேனேஜராக் கேக்கறாங்க தெரியுமா? டொமினிக் ஃபேஹி."

டொமினிக் எங்கள் பகுதியில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். ஒரு சின்ன கிளப்புக்குப் பயிற்சி கொடுத்து இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவர். கில்வாரன்காரர். எங்கள் ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அவர் வேண்டும், பையன்களுக்கு மட்டும் ஆகாது என்பது கமிட்டியின் கட்சி.

"பார்ட்லிக்கு ரத்தம்தானே எல்லாம்?" என்றாள் டெலியா. "டொமினிக்குக்கு நம்ம ஊருல யாராவது ஒரு சொந்தம் இருக்கணும் அக்கா. எத்தனை தூரத்துச் சொந்தமா இருந்தாலும் பரவால்ல. ஊருல யாரு யாருக்குப் பொறந்தான்னு உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். எழுபது வருஷமாகத் தெரியும். அதனால்தான் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"உங்கப்பாவோட தங்கச்சி எங்க இருந்தா?" என்று கேட்டேன்.

"ஓனர்னு பேரு, அந்த அத்தையா? அமெரிக்காவுல. அங்கயே செத்துட்டாங்க."

"அமெரிக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பதினோரு மைல் தள்ளிக் கில்வாரன்ல இருந்தா. அந்த ஊரு கோல்கீப்பரோட ஓடிப்போனா. எங்கம்மாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டா. உங்க தாத்தா அவமானம் தாங்காம, அமெரிக்கா போயிட்டான்னு ஊருக்குச் சொன்னாரு. கேட்டவங்களும் சரின்னு தலையாட்டுனாங்க. அவ பேரன்தான் டொமினிக்."

டெலியா பீப்பாய் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "எங்க வீட்டு மாட்டுக்குப் பத்து வருஷமா வர்றாரு. ஒரு வாய் டீகூட உள்ள கூப்பிட்டுக் குடுத்ததில்ல."

மறுநாள் மத்தியானம் பார்ட்லியிடம் சொன்னோம். முதலில் என்னைப் பைத்தியம் என்றான். அப்புறம் என் அம்மாவைப் பொய்க்காரி என்றான். தேதி, சாமியார் பெயர், ஓனர் போட்டிருந்த இரவல் கோட்டு யாருடையது என்பது வரை சொன்னதும் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். டொமினிக் அன்று எதிர்த் தொழுவத்தில் வேலையாக இருந்தார். பார்ட்லி ஒரு மட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு போனான். நாங்கள் சமையலறை ஜன்னலில் நின்றோம்.

"இத அந்தக் கொட்டகைக்கு மேல அடிங்க பாப்போம்," என்றான்.

டொமினிக் கையுறையைக் கழற்றிவிட்டு மட்டையை வாங்கினார். எல்லாரும் வலது கையை மேலே வைத்துப் பிடிப்பார்கள். அவர் இடது கையை மேலே வைத்துக் குறுக்காகப் பிடித்தார். பந்து கொட்டகையைத் தாண்டி, எங்கள் வயலையும் தாண்டிப் போனது.

பார்ட்லி பந்தைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளைப் பார்த்தான். "இது எங்கப்பா புடிக்கிற புடி. எத்தனையோ பேரு மாத்தச் சொல்லியும் மாத்தல அவரு."

"எங்க பாட்டியும் இப்படித்தான் துடைப்பம் புடிப்பாங்க," என்றார் டொமினிக்.

"உனக்குத் தெரியுமா?"

"சின்ன வயசுலேருந்து தெரியும் சித்தப்பா. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

சனிக்கிழமை கமிட்டியில் பார்ட்லியே எழுந்து, தான் விலகுவதாகவும் டொமினிக் வரட்டும் என்றும் சொன்னான். கில்வாரன்காரனா என்று மலாக்கி வாயைத் திறந்தார். "கேனன் ரத்தம். பதவி வீட்ட விட்டுப் போகல. ஆனா பசங்க காதுல இது விழக்கூடாது," என்றான் பார்ட்லி. ஒன்பது கையும் மேலே போயின. பையன்களோ வெளியூர் ஆளைக் கொண்டுவந்துவிட்டோம் என்று மதுக்கடையில் சத்தம் போட்டுக் குடித்தார்கள். இரண்டு பக்கமும் ஜெயித்தது. ஜெர்சியும் அதே வாரம் காய்ந்துவிட்டது.

ஆனால் டெலியாவின் கவலை தீரவில்லை. மருமகன் ஜெயித்த களிப்பில் மாமனிடம் பேசவில்லை, மாமன் தோற்ற வீறாப்பில் பேசவில்லை. தாள் இன்னும் ஃபின்டன் கோட்டுப் பையில்தான் இருந்தது.

ஞாயிறு ஆட்டம். டொமினிக் பதினைந்து பேரை வாசித்தார். முயல் மாதிரி ஓடுகிறவனை முன்வரிசையில் போட்டார். உயரமானவனை நடுவில் நிறுத்தினார். கேப்டன் ஃபின்டனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டு புள்ளியில் ஜெயித்தார்கள். கடைசிப் பத்து நிமிஷம்தான் ஃபின்டனை உள்ளே விட்டார். தகுதி பார்த்து ஆள் எடுக்கச் சொல்லிப் போராடியவன், யாரிடம் போய்க் குறை சொல்வான்?

அன்று மேசையில் நானும் இருந்தேன். ஃபின்டன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்ட்லி தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

"டேய், உன்ன எதுக்குடா உக்கார வெச்சான்?"

டெலியா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஓட்டம் பத்தலையாம் மாமா."

"ஓட்டமா? அந்த எடத்துல நிக்கிறவனுக்கு எதுக்கு ஓட்டம்? பந்து உன்கிட்ட வரும், நீ அடிப்ப, முடிஞ்சது. உங்கப்பன் ஓடி நான் பார்த்ததே இல்ல."

"அப்பா கோலு மாமா."

"அதத்தான் சொல்றேன். எங்கிட்ட வா, தினமும் கறந்து முடிச்சதும் மேட்டு வயல்ல ரெண்டு மணி நேரம். அவன் உன்ன உக்கார வைக்கட்டும் பார்ப்போம்."

"வைக்க மாட்டான். அவனுக்குக் காட்டாம எங்கயும் போறதா இல்ல நான்," என்றான் ஃபின்டன்.

கிழங்குகளை எடுத்து மேசைமேல் ஆட்களாக வைத்து இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மாடு கத்துகிற சத்தம் கேட்டும் எழவில்லை. கடைசியில் எழுந்தபோதும் அந்தக் கில்வாரன்காரனைத் திட்டிக்கொண்டேதான் முற்றத்தைத் தாண்டினார்கள்.

டெலியா உட்கார்ந்து, அந்த அணியில் கடைசியாக நின்ற கிழங்கை எடுத்து உரித்தாள்.

"டொமினிக்க அடுத்த ஞாயிறு சாப்பிடக் கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் அக்கா. இப்பத்தான் இவங்களுக்குச் சேர்ந்து திட்ட ஒரு ஆள் கெடச்சிருக்கான்."