தஞ்சாவூருக்குப் போகும் செவலை

பஸ் வந்து நின்றாலும் அம்சவல்லி ஏற மாட்டாள். செவலை நாயின் கழுத்துக் கயிற்றைத் தளரப் பிடித்தபடி, ஹாரன் சத்தத்துக்கு அதன் உடம்பு நடுங்கி அடங்கும்வரை நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பஸ் போனதும் ஒரு துண்டு கருவாடு கொடுப்பாள். பத்து நாளாக இதே வேலை.

“என்னடி அம்சம், நாய்க்கு மாப்புள பாக்கப் போறியா?” என்பாள் டீக்கடை ஞானாம்பாள்.

“ஆமாக்கா. கவர்மெண்டு மாப்புளதான் வேணுங்குது.”

போவது தஞ்சாவூருக்கு, குத்தகை விசாரணைக்கு. குத்தகைக்காரர் பேரைப் பதிவு செய்யும் சட்டம் வந்து ஐந்து வருஷமாகியும், பண்ணையிடம் குத்தகைக்கு எடுத்துப் புருஷன் விட்டுப்போன ஆறு மா நிலத்தை உழுகிறவள் தான்தான் என்று அவளே போய் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. போகாவிட்டால் பதிவில் பேர் ஏறாது. நாயை விட்டுவிட்டும் போக முடியாது. பண்ணை ஆட்கள் வயலில் இறங்கினால் குரைப்பது அது ஒன்றுதான்; அதனால் அவர்கள் குறியும் அதன்மேல்தான். போன விசாரணைக்குப் போய்த் திரும்பியபோது, இதற்கு முன்பிருந்த நாய் வாயில் நுரையோடு வரப்பில் செத்துக் கிடந்தது.

அம்சவல்லிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டு, சீட்டைச் சுருக்குப்பையில் மடித்து வைத்திருக்கிறாள். “நமக்குத்தான் அது புள்ள. அடுத்தவங்களுக்கு நாயிதானே?” என்பாள். புறப்படுகிற காலையில் அதற்குச் சோறு கிடையாது, தண்ணீர் மட்டும். பஸ்ஸில் கக்கிவைத்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்?

வாய்க்கூடையில்தான் தப்புச் செய்தாள். கன்றுக்குப் பின்னுவதுபோலவே நெருக்கிப் பின்னி, வாயோடு இறுக்கிக் கட்டிவிட்டாள். வெயிலில் செவலை விழி பிதுங்கிச் சாய்ந்தது. நாக்கைத் தொங்கவிட்டால்தான் நாய்க்குச் சூடு தணியும். “அவனுங்க வேலைய நானே செஞ்சிருப்பேனே!” என்று அவிழ்த்தெறிந்தவள், நாக்கு நீள இடம்விட்டு அன்றே வேறொன்று பின்னினாள்.

விசாரணை நாளில் கண்டக்டர் கைநீட்டி மறித்தார். “கடிக்காதுல்ல?” அவள் ஊசிச் சீட்டைக் காட்டினாள், கூடையைக் காட்டினாள். “சரி, பின்னாடி போங்கம்மா.”

பின்சீட்டில் பண்ணையின் காரியக்காரர் பஞ்சநதம் உட்கார்ந்திருந்தார்.

“நாயும் சாட்சி சொல்லப் போவுதா அம்சம்?” என்று சிரித்துக்கொண்டே, மடியிலிருந்து ஒரு பொறை ரொட்டியை எடுத்துக் கூடை இடுக்கில் நீட்டினார். “பட்டினியா இருக்கும் பாரு.”

செவலை நாக்கை நீட்டுவதற்குள் அம்சவல்லி அதைப் பிடுங்கி இரண்டாக உடைத்தாள்.

“மொதல்ல நீங்க சாப்புடுங்க.”

ஒரு பாதியை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். பஸ் மூன்று நிறுத்தம் தாண்டியும் அவர் அதைக் கடிக்கவில்லை; அவள் கையும் இறங்கவில்லை.