ஆறு மணிக்கு அணைந்த லைட்

போன திங்கட்கிழமை எங்கள் ஆபீஸில் ஒரு புரட்சி நடந்தது. கொடி இல்லை, கோஷம் இல்லை. ஒரு பெண் ஸ்விட்சைத் தட்டினாள் – அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது துபாய் அல் குசைஸில், ஒரு சீனக் கட்டுமான கம்பெனியில் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பழக்கம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாஸே வந்து ஹால் லைட்டை அணைப்பார். சீனர்கள் மேஜைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் தூங்குவார்கள். அவர்கள் ஊர் வழக்கமாம். வந்த புதிதில் ஆடிப்போனேன். இப்போது எனக்கும் அங்கே ஒரு தலையணை இருக்கிறது.

சாயங்காலக் கதை வேறு. ட்யூட்டி ஆறு மணிக்கு முடியும் – பேப்பரில். பாஸ் ரூமில் லைட் எரியும்வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். எட்டாகும், ஒன்பதாகும். யாரும் எங்களை உட்காரச் சொன்னதில்லை. போகச் சொன்னதும் இல்லையே!

அந்தத் திங்கட்கிழமை மாலை பாஸ் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் உங்க லீவை ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க. ப்ராஜெக்ட் ஹேண்டோவர் இருக்கு."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே என் தலை ஆடிவிட்டது. பதினாலு வருஷப் பழக்கம். என் மகள் யாழினி மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடப் போகிறாள். அதைப் பார்க்கத்தான் டிக்கெட் போட்டிருந்தேன். இதுவரை அவள் ஓடி நான் பார்த்ததெல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

சீட்டுக்கு வந்து திருநெல்வேலியில் இருக்கும் மனைவிக்கு போன் செய்தேன்.

"இதச் சொல்லவா போன் பண்ணுனீய? நான் அவட்டச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கோங்க." வைத்துவிட்டாள்.

பக்கத்து சீட்டில் லின். இருபத்தேழு வயது சீன எஞ்சினியர். அவளுக்குத் தமிழ் தெரியாது, என் முகம் தெரியும். என்னவென்று கேட்டாள். சொன்னேன். மணி ஆறு. எழுந்தாள், பையை மாட்டினாள், நேராகப் போய் ஹால் லைட்டை அணைத்தாள்.

"கலாஸ்!" முடிந்தது என்பதற்கு இங்கே எல்லா நாட்டுக்காரரும் சொல்லும் அரபிச் சொல்.

பாஸ் வெளியே வந்தார்.

"மதியம் நீங்க லைட்டை அணைக்கிறீங்க. கம்பெனி மூழ்கிடலையே? இப்பவும் மூழ்காது" என்றாள் லின். சீன மொழியில் சொல்லியிருக்கலாம். எங்களுக்கும் புரியட்டும் என்றே இங்கிலீஷில் சொன்னாள்.

"உன் வயசுல நான் சைட்ல சிமென்ட் மூட்டை மேல தூங்கினேன்."

"தெரியும் சார். எங்கப்பாவும் அப்படித்தான்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் லின்னுடன் படியிறங்கினேன்.

இறங்கும்போது சொன்னாள். அவளுக்கு மூன்று வயதில் அப்பா கட்டட வேலைக்கும் அம்மா ஷூ ஃபேக்டரிக்கும் தூர நகரத்துக்குப் போனார்களாம். இவள் அத்தை வீட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்கு வருவார்கள்.

"முதல் நாள் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். பழகுறதுக்குள்ள பஸ் வந்துடும். அவங்க உழைப்புலதான் படிச்சேன். இப்ப ஊர்ல மூணு மாடி வீடு இருக்கு. மூணு பேரும் சாப்பிட உட்கார்ந்தா... பேச ஒண்ணுமே இல்ல."

இது சீனத்துக் கதையா, என் வீட்டுக் கதையா?

பாஸ் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் தலைமுறை தூங்காமல் உழைத்துத்தான் சீனாவில் இவ்வளவு நகரங்களும் ரயில்களும் வந்தன. பிள்ளைகள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் உழைத்தார்கள். அந்தப் பிள்ளை 'போதும்' என்றால் மட்டும் ஏன் ஆத்திரம்? அப்படிச் சொல்லும் இளைஞர்கள் இப்போது அங்கே நிறையப் பேராம். அதற்குப் பெயரே 'படுத்துக் கிடப்பது'. நல்ல பெயர்தான்... அன்று எங்கள் ஹாலில் எழுந்து நின்ற ஒரே ஆள் அவள்!

மறுநாள் காலை பாஸ் ரூமுக்குப் போனேன். விசா அவர் கையில். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"லீவைத் தள்ளிப் போட மாட்டேன் சார். என் பங்கு வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு, டிக்கெட் போட்ட தேதிக்குப் போறேன்."

"லின் சொல்லிக் கொடுத்தாளா?"

"இல்ல சார். என் பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசாயிடுச்சு."

லீவ் ஃபார்மை வாங்கி மேஜையில் வைத்தார். "பார்க்கலாம்" என்றார். இன்றுவரை அதில் கையெழுத்து விழவில்லை.

"வேலை போனா என்ன செய்வீங்க?" என்று ரூம் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வேறு வேலை தேடுவேன். பன்னிரண்டு வயதில் அவள் ஓடும் அந்த ஓட்டத்தை அப்புறம் எங்கே போய்த் தேட?

மனைவி சொன்னபடி யாழினியிடம் நானே சொல்லிவிட்டேன் – வருகிறேன் என்று!