அன்னாசிக்குப் பதிலாக வந்த பழம்

சென்ற ஆண்டின் கடைசியில், கிள்ளானில் தினமும் சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்த மாதத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. வெள்ளம் வரவில்லை, திருடன் வரவில்லை. ஒரு பழம் வந்தது, அவ்வளவுதான்.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு டயாலிசிஸ். நான் போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அட்டையில் மேலாளர் என்று போட்டிருக்கும், செய்வது குமாஸ்தா வேலை. காலையில் அவளை டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவேன், மத்தியானம் ஓடிவந்து ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவேன், மறுபடி வேலைக்கு ஓடுவேன். மகள் ஜொகூரில் வேலையும் குழந்தையுமாக இருக்கிறாள். தினமும் கூப்பிட்டு "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்பாள். சாப்பிட்டேனா என்பது எனக்கே நினைவிருக்காது.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசாருக்குப் போய், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, வாங்காமல் திரும்பி வருவது எனக்குப் பொழுதுபோக்கு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விழித்திருக்கிறேனா என்பதே சந்தேகம். அதனால்தான் இணையச் சந்தையில் சேர்ந்தேன். கிள்ளான், பந்திங் பக்கத்துச் சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்துவது. புதன்கிழமைக்குள் கைப்பேசியில் வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பறிப்பார்கள். சனிக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இடத்திலும், எங்கள் குடியிருப்புத் தாமானில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையிலும் கூடைகளை வைத்துவிட்டுப் போவார்கள். நமக்குரியதை நாம் எடுத்து வந்துவிடலாம்.

பூச்சிமருந்து படாத, மண்வாசனை மாறாத கீரை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் என்ன செய்வேன் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்தால் என்னைச் சந்தையிலிருந்து நீக்கிவிடுவார்கள். பொடிப்பொடியாக நறுக்குவேன். வெந்நீரில் ஊறவைப்பேன். பிறகு நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவேன். பொட்டாசியம் சேரக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. சிலாங்கூரிலேயே அதிகச் சத்துள்ள காய்கறியை வாங்கி, சத்தைச் சாக்கடைக்கும் சக்கையை மனைவிக்கும் கொடுக்கும் ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன்.

"சாக்கட நல்லா தேறி வருது. எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் ஒட்டல" என்பாள் அவள்.

இந்தச் சந்தைக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் ஒரு வழக்கம்: கூடை வீட்டுக்கு வந்ததும் பிரித்து, மேசையில் பரப்பி, படம் எடுத்துப் போட வேண்டும். விவசாயிக்கு அது சந்தோஷமாம். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. கத்தரிக்காய்க்கு எதற்குப் பாஸ்போர்ட் படம்? ஆனால் ஒருநாள் ஒரு கோணல் முள்ளங்கியைப் படம் எடுத்து, என் இடுப்பு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு இரண்டு வரி எழுதினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானம் என் படத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். அலுவலகத்தில் யாரும் என்னைக் கவனிப்பதில்லை, டயாலிசிஸ் நிலையத்தில் நான் நாற்காலியோடு நாற்காலி. இந்தக் குழுவில் மட்டும் எனக்கு வாசகர்கள் இருந்தார்கள். புடலங்காயை வைத்துப் புகழ் அடைந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

சிரிக்காதவர் ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துப் பெண்மணி. என் படங்களுக்கு ஒரு பொம்மைச் சிரிப்புகூட அனுப்பியதில்லை. அவர் எழுதுவதெல்லாம் குறைகள்தான். பயற்றங்காய் முற்றல், முருங்கைக்காய் சப்பை, முட்டையில் ஒன்று கீறல். நான் மனத்துக்குள் அவருக்குத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கேட்டிருந்தது அன்னாசி. மனைவிக்கு அளவாகக் கொடுக்கலாம் என்ற சில பழங்களில் அதுவும் ஒன்று. கூடையைத் திறந்தால் அன்னாசி இல்லை. பழம் தரும் மலாய்க்கார அக்கா ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தார். அன்னாசி தீர்ந்துவிட்டதாம், அதற்குப் பதிலாகத் தன் வீட்டு மரத்துப் பெலிம்பிங் வைத்திருக்கிறாராம். மஞ்சளும் பச்சையுமாக, ஐந்து விளிம்போடு, மெழுகு பூசியதுபோல மின்னும் பழங்கள். குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாக விழும். இந்த ஊரில் அதை அறியாதவர்கள் இல்லை.

வாழைப்பழம் வேண்டாம், ஆரஞ்சு வேண்டாம், டுரியான் வேண்டாம், இளநீர் வேண்டவே வேண்டாம் என்று எனக்கு மனப்பாடம். பெலிம்பிங் அந்தப் பாட்டில் வரவில்லை. எங்களுக்குச் சொல்லித்தான் இருப்பார்கள். ஆனால் வியாதி இன்னது என்று தெரிந்த முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் சொன்ன எதுவும் எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு இருந்தோம். பார்த்தால் தண்ணீராகத்தான் இருக்கிறது, இது என்ன செய்துவிடும் என்று நினைத்து நறுக்கித் தட்டில் அடுக்கினேன்.

அவள் ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாளெல்லாம் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று அளந்து வைத்திருக்கும் ஒருத்திக்கு அந்தச் சாறு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. மெதுவாக மென்று முழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

பல மாதங்களாக அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது. எதை வைத்தாலும் "போதும்", "வேணாம்", "நீங்க சாப்பிடுங்க" என்பவள். மனம் இளகினால் உடனே எதையாவது கிண்டலாக எழுதிவிடுவது என் வியாதி. தட்டைப் படம் எடுத்து, கீழே இப்படிப் போட்டேன்: "கல்யாணத்தின்போது நட்சத்திரத்தைப் பறித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். டயாலிசிஸுக்குப் போய்வரும் மனைவிக்கு இன்று அதை நிறைவேற்றிவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்."

கொட்டியது பாருங்கள் சிரிப்பு. கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள், இதயங்கள், கைதட்டல்கள். "அங்கிள், சூப்பர் லா!" என்று ஒருவர். "என் வூட்டுக்காரருக்கும் சொல்லிக் குடுங்க அண்ணே" என்று ஒரு பெண். நான் ஒவ்வொன்றாக ரசித்துக்கொண்டிருந்தபோது, திரையை மறைத்துக்கொண்டு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காப்புறுதி விற்பவர்கள் சனிக்கிழமையும் விடமாட்டார்கள். துண்டித்தேன். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தேன். மூன்றாவது முறை, திட்டுவதற்கென்றே எடுத்தேன்.

"அண்ணே, கட் பண்ணாதீங்க! அக்கா சாப்ட்டுட்டாங்களா?"

"யாரு நீங்க?"

"அது அப்புறம் சொல்றேன். அந்தத் தட்ட மொதல்ல எடுங்க. பெலிம்பிங் குடுக்கக் கூடாது அண்ணே! கிட்னி இல்லாதவங்களுக்கு அது விஷம். மெசேஜ் போட்டேன், நீங்க பாக்கல. இங்க கொம்யூட்டர் ரயில்ல நின்னுக்கிட்டுக் கத்துறேன், எல்லாரும் என்னயத்தான் பாக்குறாங்க. தட்ட எடுத்தாச்சா?"

மனைவியின் கையில் இரண்டாவது துண்டு. ஒரு ஓரம் கடிபட்டிருந்தது. நான் அதைப் பிடுங்கினேன். குழந்தையிடமிருந்து பிடுங்குவதுபோல. அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

"ஒரு துண்டுதான் சாப்ட்டா. அதுக்கு மேல கொஞ்சம்" என்றேன்.

"ஒரு துண்டுன்னாலும் கெளம்புங்க அண்ணே. நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. பெலிம்பிங்னு சொல்லுங்க, அவங்களுக்குத் தெரியும். விக்கல் வருதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

காரில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது மனைவிக்கு விக்கியது.

"தொண்ட காஞ்சிருக்கு, அதான்" என்றாள்.

அடுத்த விளக்குக்குள் மறுபடி விக்கியது. இந்த முறை அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. என் சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் படித்துத் தள்ளியவன் நான். வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லை. அதில் ஒரு வரிகூட அந்தக் காருக்குள் வரவில்லை. முன்னால் போன லோரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த வேக அளவைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு போனேன்.

அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர் ஒருவர். பெலிம்பிங் என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எவ்வளவு, எப்போது, விக்கல் உண்டா, வாந்தி உண்டா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என் மனைவியே பதில் சொன்னாள். "எனக்கு இல்ல டாக்டர், இவருக்குத்தான்." டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்தப் பழத்தில் இருக்கும் ஒரு நஞ்சை நல்ல சிறுநீரகம் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடுமாம். அது வேலை செய்யாதவர்களுக்கு மூளைக்கு ஏறிவிடுமாம். விக்கலில் ஆரம்பித்து, புத்தி தடுமாறி, வலிப்பில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அடுத்த டயாலிசிஸ் திங்கட்கிழமைதான் என்றேன். "அதுவரை காத்திருக்க முடியாது" என்று சொல்லி, அன்றைக்கே ஏற்பாடு செய்தார்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் குழுவைத் திறந்தால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. எனக்கு வந்த சிரிப்புகளுக்கு நடுவில், தடித்த எழுத்தில் ஒரு செய்தி: "சாப்பிடக் கூடாது. போன் எடுங்கள்." அதற்கும் யாரோ கைதவறி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அதை அனுப்பிய எண்ணைப் பார்த்தேன்; என்னைத் தொலைபேசியில் அழைத்ததும் அதே எண்தான். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி.

நானே கூப்பிட்டேன். நிலவரம் சொன்னேன்.

"எங்கப்பாவுக்கும் டயாலிசிஸ்தான் அண்ணே" என்றார் அவர். "வீட்டுப் பின்னால மரம். நாங்களே பறிச்சு ஜூஸ் போட்டுக் குடுத்தோம். ஆசையா குடிச்சாரு. அப்புறம் விக்கல் நிக்கவே இல்ல. வாயில சீனி போட்டோம். யாரோ உங்கள நெனைக்கிறாங்கப்பான்னு கேலி பண்ணிச் சிரிச்சோம். யாருப்பா அந்தப் பொம்பளன்னு அம்மாவே கேட்டாங்க. அவரும் சிரிச்சாரு. மறுநாள் பேச்சில்ல, அதுக்கடுத்து ஆளே இல்ல."

"மன்னிச்சுக்குங்க" என்றேன், எதற்கென்று தெரியாமல்.

"எதுக்கு அண்ணே? அக்காவ பாருங்க" என்று வைத்துவிட்டார். நன்றி சொல்லவில்லை என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

விக்கல் அன்றைக்கே நின்றது. அவளை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். விஷயம் தெரிந்து பழம் அனுப்பிய மலாய்க்கார அக்கா கூப்பிட்டு அழுதார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் மனைவி அவரைத் தேற்றினாள்: "தாப்பா லா காக், பரவால்ல, இவருதான் வெட்டிக் குடுத்தாரு." மலாயும் தமிழும் கலந்து அவள் சொன்னதில் குற்றவாளி யார் என்பது மட்டும் அந்த அக்காவுக்குத் தெளிவாகப் புரிந்திருக்கும். இப்போது சந்தையில் கேட்காமல் ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைப்பதில்லை.

அந்தப் பெண்மணியை ஒரே ஒரு முறை பார்த்தேன். வேலை விஷயமாகப் பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அங்கே கூடை எடுக்கும் இடத்தில் நின்றேன். நான் நினைத்ததைவிட வயது குறைவு. பயற்றங்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு நான்கு நல்ல வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நான் யாரென்று சொன்னதும், "அக்கா எப்படி இருக்காங்க?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "இந்தப் பயற்றங்காயப் பாருங்க அண்ணே, கயிறு மாதிரி இருக்கு. சொன்னா என்னயக் கொற சொல்றவன்னு சொல்றாங்க" என்றார். ஆமாம், முற்றல்தான் என்றேன். நான்கு வாக்கியங்களும் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தன.

படம் போடுவதை நான் விட்டுவிடவில்லை. மனைவிதான் கேட்கிறாள், வெந்த கீரைக்கு அதுதான் உப்பு என்கிறாள். ஆனால் அன்று என் நகைச்சுவையை ரசித்தவர்கள் அத்தனை பேர், அந்த வரிகளுக்குள் ஒரு நோயாளி உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தவர் அந்தப் பெண்மணி ஒருவர்தான் என்பதை மறக்க முடியவில்லை. அதனால், வேலை முடிந்து கண் சொருகும் நேரத்தில் யாராவது எதையாவது வேடிக்கையாக எழுதி அனுப்பினால், சிரித்துவிட்டுத் தூங்கப் போகாமல், இவர் வீட்டில் என்ன நடக்கிறதோ என்று இன்னொரு முறை படித்துப் பார்க்கிறேன்; களைப்பான பழக்கம்தான், விட மனம் வரவில்லை.