மேல்வீட்டுப் பாட்டும் என் குக்கரும்

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் மேலே இருக்கும் தம்பி, கல்யாண பேண்டில் பின்னால் நின்று பாடுகிறவன். தானே எழுதி, தானே பாடி, வீட்டிலேயே ஓர் ஆல்பம் பதிந்தான். பதியும்போதெல்லாம் வந்து கதவைத் தட்டுவான்.

"அக்கா, கொஞ்ச நேரம் குக்கர் வைக்காதேங்கோ."

"அப்ப பருப்புக்குப் பதிலா உம்மட பாட்டையோ அவிக்கிறது?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அதன்பிறகு அவன் வரவில்லை. நானும் குக்கரை நிறுத்தவில்லை.

ஆல்பம் வந்தது; ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், என் குக்கர் விசில் எந்தப் பாட்டைக் கெடுத்திருக்கிறதோ என்ற பயத்தோடு கேட்டேன். ஓடாத லிஃப்ட்டையும் தண்ணீர் வராத காலையையும், பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலப் பாடியிருந்தான். இவனையா இத்தனை வருஷம் பின்னால் நிற்க வைத்தார்கள் என்று கோபமே வந்தது. விசில் எங்கும் இல்லை. அப்பாடா என்று சாய்ந்துகொண்டேன்.

கடைசிப் பாட்டு, கல்யாண வீட்டில் பாடிவிட்டுப் பசியோடு வீடு திரும்பும் ஒருவனைப் பற்றியது. அது ஓய்ந்த இடத்தில் என் குக்கர் விசில் அடித்தது. எங்கள் ஃப்ளாட் ஜன்னலோரம் ஓடும் ரயில் சத்தத்தையெல்லாம் வெட்டி எறிந்தவன், அதை மட்டும் விட்டுவைத்திருந்தான்.