அத்தானின் மஞ்சள் லாம்பு

கொழும்பில் மூடுபனி இறங்கி நான் கண்டதில்லை. புழுக்கம் உண்டு, மழை உண்டு, துணிமணியெல்லாம் பிசுபிசுக்கும் கடற்காற்று உண்டு. ஆனாலும் வெள்ளவத்தையில் இருந்த என் அக்காவின் கணவர், பனிக்கென்றே செய்த ஒரு மஞ்சள் லாம்பைத் தம் காரின் முன்னால் பூட்டி வைத்திருந்தார். பின்னேரமானால் அதைப் போட்டுக்கொண்டு காலி வீதியில் போவார். எதிரே வருகிறவர்கள் கண் கூசித் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அத்தான் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரை விட்டுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் காரை, அக்காவின் சீதனத்தில் வாங்கியிருந்தார். இரண்டு பேர்தான் அதில் இருக்கலாம். அந்த இரண்டாவது ஆள் அக்கா அல்ல. திறந்த காரில் சீலை பறந்தால் வடிவில்லையாம். நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு அவர்களுடைய வீட்டில் தங்கியிருந்தேன். ஆகவே இந்த மகிமைகளை எல்லாம் அருகிலிருந்து பார்க்கக் கிடைத்தது.

ஒருமுறை அத்தானின் மேலதிகாரியான துரைக்கு மலைநாட்டில் இருக்கும் நுவரெலியாவுக்குப் போகவேண்டியிருந்தது. அவருடைய கார் பழுது. அத்தானின் காரில் வரலாமா என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அத்தான் தரையில் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மஞ்சள் லாம்பின் பல்ப் எரிந்துபோயிற்று.

"நீர் கொட்டாஞ்சேனைக்குத்தானே போறீர். வரேக்க ஒரு பல்ப் வாங்கிக்கொண்டு வாரும்" என்றார் என்னிடம்.

"பழசைக் கழட்டித் தாங்கோ அத்தான். காட்டி வாங்கலாம்."

"அதொண்டும் தேவையில்லை. காரின்ர பேரைச் சொன்னாக் காணும். எழும்பி நிண்டு தருவாங்கள்."

பேரைச் சொன்னேன். கடை முதலாளி எழும்பவில்லை. "அது சரி தங்கச்சி, ஆறு வோல்ட்டா, பன்னெண்டா? பழசக் கொண்டு வாங்க" என்றார். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில் அத்தானே கழற்ற இறங்கினார். ஒரு லாம்பைத் திறப்பதற்கு வெள்ளைச் சேட்டும் கையுறையும் போடுவது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மதிலுக்கு அப்பால் அயலவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தப் பல்பை உள்ளே அமத்தித் திருப்பினால்தான் கழலும். அமத்தாமல் முறுக்கினார், முறுக்கினார், வராததற்குப் பல்பையே ஏசினார். பிறகு விரலால் பிடிக்கவேண்டும் என்று கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு முறுக்கு. கண்ணாடி நொறுங்கிப் பெருவிரலைக் கீறிவிட்டது.

"எல்லாம் உன்னாலதான்! கழுவுறன் எண்டு லாம்புக்குள்ள தண்ணியை விட்டு இறுக வைச்சிட்டாய்!" என்று அக்காவை ஏசினார், அயலவர்கள் கேட்கவே. விரலுக்குச் சீலைத்துணி சுற்றிக்கொண்டு, யுத்தத்தில் அடிபட்டவர் மாதிரி போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தார்.

அக்கா உள்ளே போனாள். குறடு எடுத்து வந்தாள். எஞ்சி நின்ற பித்தளை அடியைப் பிடித்து, உள்ளே அமத்தி, மெல்லத் திருப்பினாள். கையோடு வந்துவிட்டது. அதில் ஆறு என்று பொறித்திருந்தது. மறுநாள் அதைக் காட்டிப் புதுப் பல்ப் வாங்கிவந்தேன். அத்தான் கந்தோர் வேலை முடிந்து வருவதற்குள் அக்கா லாம்பைத் துடைத்து, பல்பைப் போட்டு, கண்ணாடியை மூடித் திருகாணிகளை இறுக்கிவிட்டாள்.

அத்தான் வந்ததும் சுவிட்சைத் தட்டினார். லாம்பு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீரே! நேற்று நான் வயரை ஒருக்கா இழுத்து விட்டனான். அதுதான்."

"பல்ப் இல்லாமல் எப்பிடி அத்தான் எரியும்? அக்காதான் புதுசு போட்டவ" என்றேன்.

"அவவோ?" என்று சிரித்தார். "அவ கறிக்கு உப்பை அளவாப் போடட்டும்."

அவரை அதற்கு முன்னும் நான் மதித்ததில்லை. அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அருவருப்பே வந்தது.

நுவரெலியாவிலிருந்து திரும்பியதும், வீட்டுக்கு வந்த விருந்தினருக்கெல்லாம் பயணக்கதை சொன்னார். மலைப்பாதையில் திடீரென்று பனி மூடிவிட்டதாம். காரில் இருந்த லாம்பு எல்லாவற்றையும் இவர் ஒன்றாகப் போட்டாராம். எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி வெளிச்சம் திரும்பி அடித்ததாம். காரை நடுப்பாதையில் நிற்பாட்டிவிட்டாராம். துரை இவரை இறங்கச் சொல்லி, தான் ஸ்டியரிங்கில் ஏறி, பெரிய லாம்புகளை அணைத்து, கீழே தரையோடு பதிவாக எரியும் மஞ்சள் லாம்பை மட்டும் விட்டு, அந்த வெளிச்சத்தில் பாதையோரத்தைப் பார்த்தபடி மெல்ல ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாராம். அதாவது, இத்தனை காலமும் காலி வீதி முழுக்கக் காட்டித் திரிந்த சாமான் எதற்கென்றே இந்த மனிசனுக்குத் தெரியாது.

இதை அவர் வெட்கத்தோடு சொன்னார் என்று நினைக்கவேண்டாம். "துரை தன்ர கையால என்ர காரை ஓட்டினவர்!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா நின்று கேட்டாள். "அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் பக்கத்தில இருந்தனான்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. விருந்தினரும் சிரித்தார்கள். முதலில் அத்தானும் சேர்ந்து சிரித்தார். எதற்கென்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

துரைக்குக் கார் பிடித்துவிட்டது. கேட்டார், அத்தான் கொடுத்துவிட்டார். அக்காவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "துரை கேட்டா மாட்டன் எண்டு சொல்லேலுமோ?" என்றார்.

ஒரு பின்னேரம் நாங்கள் மூவரும் கோயிலுக்கு நடந்து போகையில் அந்தக் கார் எங்களைக் கடந்தது. அத்தான் வீதியோரத்தில் நின்று தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். துரை திரும்பியும் பார்க்கவில்லை. "அவருக்கு ஆயிரம் யோசனை இருக்கும்" என்றார் அத்தான், தொப்பியைக் கையில் பிடித்தபடியே. அக்கா நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள். நான் எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொண்டேன்.